பந்தைத் தாண்டிப் போகாத கை

மடுல்சீமைப் பக்கம் கோல்ஃப் பழகும் இடம் ஒன்று இருக்கிறது என்றால் பதுளையில் இருப்பவர்களே நம்பமாட்டார்கள். பசறையில் பஸ் ஏறினால் இடுப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிற ரோடு அது. மழை பிடித்துக்கொண்டால் அந்த ரோடும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பழைய துரை பங்களா ஒன்றைச் சுற்றுலா விடுதியாக்கி, அதற்குக் கீழே இருந்த பதினோராம் நம்பர் மலையில் நின்ற தேயிலையை வேரோடு பிடுங்கிவிட்டுப் புல் வளர்த்திருந்தார்கள். மேட்டில் வரிசையாக எட்டுத் தகரக் கொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பாய், ஒரு கூடைப் பந்து. கீழே சரிவில் ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று கெஜக் கணக்கில், அங்கத்தையவர்கள் சொல்வதுபடி யார் கணக்கில், தூரம் எழுதிய பலகைகள். இதற்கு டிரைவிங் ரேஞ்ச் என்று பெயர். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்கள் ரேஞ்சு என்றார்கள்.

அங்கே குழியும் இல்லை, கொடியும் இல்லை, ஜெயிக்கிறவனும் தோற்கிறவனும் இல்லை. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் கொட்டிலில் நின்று மணிக்கணக்கில் பந்தை அடித்துக் கீழே அனுப்புவார்கள். நன்றாகப் போனால் இன்னொன்று அடிப்பார்கள். மோசமாகப் போனாலும் இன்னொன்று அடிப்பார்கள். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்த நேரங்களில் தலைத்துணியை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை கொழுந்து நிறுக்கும்போது சாக்கிலிருந்து மூன்று பந்துகள் உருண்டு விழ, பாரம் கூட்டப் பார்க்கிறாயா என்று கணக்கப்பிள்ளை ஒருத்தியைப் பிடித்து ஏசியதும் நடந்தது.

விழுந்த பந்துகளைப் பொறுக்கி, கழுவி, திரும்பக் கூடையில் நிரப்புகிற வேலை கஜேந்திரனுடையது. நாற்பத்தொரு வயது. ஆறு வருஷமாக அதே வேலை. அதற்கு முன்னால் அவன் கவ்வாத்துக்காரன், தேயிலை மரத்தை இடுப்பு மட்டத்துக்குக் கத்தியால் வெட்டி இறக்குகிறவன். தோட்டத்தின் அந்தப் பிரிவில் அவனைப்போல வெட்டுகிறவன் கிடையாது என்று பெயர். அந்தப் பெயரை விட்டுவிட்டுப் பந்து பொறுக்கப் போனவனைப் பார்த்து ஆரம்பத்தில் லயமே சிரித்தது. பிறகு மறந்துவிட்டது.

இந்த வருஷம் சித்திரை கழிந்ததும் விடுதியில் ஒரு வண்டி வந்து இறங்கியது. அதைப் புல்லில் ஓட்டிக்கொண்டு போனால் பந்துகளைத் தானாகவே வாரிக்கொள்ளும். மெனேஜர் மாத்தயா கஜேந்திரனைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், அதனால் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். இனிப் பந்து பொறுக்க ஆள் வேண்டாம். ஆனால் வருகிறவர்களுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக் கொடுக்க, ஷுக்ரி மாஸ்டருக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பத்துப் பந்து அடித்துக் காட்டு, தேறினால் அந்த வேலை உனக்கு. இல்லாவிட்டால் தோட்டத்துக்கே திரும்பிப் போ.

தோட்டத்துக்குத் திரும்பினால் என்ன வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இளம் பையன்களெல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட பிறகு கவ்வாத்துக்கு ஆளே இல்லை. கஜேந்திரன் திரும்பி வரக்கூடும் என்ற பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளை அவன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டார். ஆகவே கஜேந்திரனுக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று மட்டை, இன்னொன்று கத்தி. அந்தக் கத்தியை இன்னொரு தடவை கையில் எடுப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று அவன் நினைத்தான். சும்மா பேச்சுக்கு நினைத்ததல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

ஷுக்ரிக்கு இருபத்தொன்பது வயது. வெலிமடைக்காரன். டுபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பந்து கழுவப் போய், ஐந்து வருஷத்தில் பழக்குகிறவனாகத் திரும்பி வந்தவன். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவனை அவன் அண்ணன் என்றான். அந்த அண்ணனோ அவனை மாஸ்டர் என்றான். ஆறு வருஷமாக வேலை முடிந்து மிஞ்சுகிற பந்துகளை அடித்துப் பார்க்க ஷுக்ரி விட்டிருந்ததால் கஜேந்திரனுக்கு ஆட்டம் ஒன்றும் புதிதில்லை. நிற்பது சரி, பிடிப்பது சரி. மட்டை பின்னால் ஏறும்போது பார்க்கவே அழகாக இருக்கும். இறங்கும் வேகத்தைப் பார்த்தால் பந்து இருநூறு யாரைத் தாண்டிவிடும் என்று தோன்றும். ஆனால் பந்தைத் தொட்ட இடத்திலேயே கை நின்றுவிடும். பந்து எண்பது யாரில் சோர்ந்து விழும். நூறு என்று எழுதிய பலகையை அவன் பந்து எட்டியதே இல்லை.

ஷுக்ரி அதைப் போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான்.

“அண்ணன், இங்க பாருங்க. ஏறுறது சரி. எறங்குறது அதவிடச் சரி. பந்துக்கிட்ட வந்ததும் கை பிரேக் போடுது. ஏன்?”

“அடிச்சாச்சுல்ல மாஸ்டர். அப்புறம் எதுக்குப் போகணும்?”

“பந்த அடிக்கிறதுன்னு நெனைக்காதீங்க அண்ணன். மட்டைய ஒரு சுத்துச் சுத்தணும், அவ்வளவுதான். பந்து அந்த வழியில கெடக்கு, அதனால அதுவும் போகுது. கை தோளுக்கு மேல போய்த்தான் முடியணும்.”

“போகமாட்டேங்குது மாஸ்டர்.”

ஷுக்ரி விடாக்கண்டன். மறுநாள் கவ்வாத்து வேலை முடிந்து ரேஞ்ச் ஓரமாகப் போன கிழவர் இராசையாவைக் கூப்பிட்டு நிறுத்தி, கையில் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னான். இராசையா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓங்கி அடித்தார். அவருடைய கையும் பந்துக்கு மேலேயே நின்றது. ஷுக்ரி சந்தோஷத்தில் கைதட்டிவிட்டான்.

“அது பழக்கம் தம்பி,” என்றார் இராசையா. “கொப்ப வெட்டுன கத்தி கொப்போட நின்னுறணும். தாண்டிப் போச்சுன்னா அடுத்தது நம்ம காலுதான். இருவது வருசம் நிப்பாட்டிப் பழகுன கை, இப்ப போன்னா போகுமா?”

தோட்டத்துக் கையின் பழக்கம் இது என்று ஷுக்ரி முடிவு கட்டினான். கஜேந்திரனும் ஆமாம் என்று தலையாட்டினான். இராசையாவின் கை விஷயத்தில் அது முழு உண்மை. கஜேந்திரனின் கைக்கு அது பாதிதான். மீதிப் பாதி அவனுக்கும் செத்துப்போன ஒருவனுக்கும் மட்டும் தெரிந்தது.

அந்த ஒருவன் சுபாஸ், கஜேந்திரனின் தங்கை தனுஜாவின் புருஷன். மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்து இந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தவன், வாய் ஓயாத ஆள். மச்சானும் மச்சானும் எப்போதும் அடுத்தடுத்த நிரையில்தான் நிற்பார்கள். கவ்வாத்தில் அப்படி நிற்கக் கூடாது, இரண்டு பேருக்கு நடுவே ஒரு நிரை விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரு நிரை விட்டு நின்றால் பேச்சுக் கேட்காது என்பதற்காக இவர்கள் அதை மீறினார்கள். பேசிக்கொண்டே வெட்டுவதும், ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே யார் முந்துகிறது என்று பார்ப்பதும் அவர்களுக்கு வழக்கம். ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு வெயில் நாளில் சுபாஸ் எதிர் நிரையிலிருந்து கேட்டான்.

“என்ன மச்சான், ஓங் கத்தி தேயிலைய வெட்டுதா, இல்ல தடவிக் குடுக்குதா?”

கஜேந்திரன் சிரித்துக்கொண்டே, மணிக்கட்டுத் தடிமனில் இருந்த ஒரு கொப்பைப் பார்த்து முழுக் கையையும் வீசினான். வெளியே நல்ல கொப்பு, உள்ளே கறையான் தின்று தீர்த்திருந்தது. கத்தி எதிலும் தட்டவில்லை. வந்த வேகத்தில் மரத்தைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் சுபாஸ் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை இழுத்துப் போடக் குனிந்துகொண்டிருந்தான். தொடையின் உள்பக்கம், கவட்டுக்குக் கொஞ்சம் கீழே, வெட்டு விழுந்தது.

கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். அந்த ரோட்டில் லொறி எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகத்தான் போனது. மடியில் கிடந்த சுபாஸ் கஜேந்திரனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். “என் கத்திதான்னு சொல்லிரு மச்சான். ஒன்னையும் உள்ள போட்டுட்டா தனுவ யாரு பாப்பா?” பசறை வருவதற்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது. கஜேந்திரன் அவன் சொன்னபடியே சொன்னான். குனிந்தபோது அவனுடைய கத்தியே வழுக்கிவிட்டது என்று பொலிஸிலும் சொன்னான், தனுஜாவிடமும் சொன்னான். மற்றவர்கள் எட்ட நின்றதால் யாரும் பார்த்திருக்கவில்லை. கவ்வாத்துக்காரன் தன் காலைத் தானே வெட்டிக்கொள்வதும் தோட்டத்தில் புதிதில்லை, ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. செத்தவனுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள், லதுஷா.

கஜேந்திரன் கல்யாணம் செய்யவில்லை. லயத்தில் தங்கை இருந்த அறைக்கு, அவளுடைய காம்பராவுக்கு, அடுத்த காம்பராவில் இருந்துகொண்டு தங்கையையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணனா என்று லயத்துப் பெண்கள் அவனைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவையும் ஷுக்ரியிடம் அவன் எப்படிச் சொல்வான்? ஷுக்ரி பாவம், பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தான். முதலில் மட்டையைச் சுழற்றிக் கையை விட்டு எறியச் சொன்னான். “தூரமாப் போய் விழட்டும் அண்ணன், ஒடஞ்சா என் கணக்கு.” எறிய முடியவில்லை. விரல்கள் விறைத்து மட்டையைப் பிடித்துக்கொண்டன. பிறகு பந்தே வைக்காமல், கால் இரண்டையும் சேர்த்து வைத்து, வெறும் காற்றில் வீசச் சொன்னான். மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தம் பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் கேட்டால் பிழை, அந்தப் பக்கம் கேட்டால் சரி. கண்ணை மூடிக்கொண்டு காதால் பழகுங்கள் என்றான். விருந்தாளிகள் எழும்புவதற்கு முன்னால், பனி மூடி ஐம்பதாவது பலகைகூடத் தெரியாத காலை ஆறு மணிக்குக் கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு காற்றை வீசினான். ஒரு நாளைக்கு நூறு தடவை. வைகாசி முழுக்கச் சத்தம் இந்தப் பக்கமே கேட்டது. ஆனியில் நேர் நடுவுக்கு வந்தது. அதற்குப் பிறகு பந்தை வைத்து இடுப்பிலிருந்து இடுப்பு வரைக்கும், தோளிலிருந்து தோள் வரைக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை கை தாண்டிப் போனது.

எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியாது. மட்டை இறங்கியது, பந்து போனது, கை நிற்காமல் இடது தோளுக்கு மேலே ஏறி முடிந்தது. பந்து நூறைத் தாண்டி, நூற்றைம்பதைத் தாண்டி விழுந்தது. ஷுக்ரி துள்ளிக் குதித்தான். கஜேந்திரன் மட்டையைப் போட்டுவிட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்கு ஓடி, உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சரியாக அடிபட்ட பந்து கையில் தட்டுவதில்லை. எதையும் வெட்டாததுபோல மட்டை போய்விடும். கறையான் தின்ற கொப்பும் அன்றைக்கு இப்படித்தான் கையில் தட்டவில்லை.

“வெறும் வயித்துல அடிச்சிருக்கீங்க,” என்று ஷுக்ரி ஓடிப்போய்ப் பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்தான்.

அதற்குப் பிறகு நிறுத்தவும் முடியாது. ஆகஸ்ட் கிட்டே வந்துகொண்டிருந்தது. கை போகும் வழி தெரிந்துவிட்டது, அதை மறக்கவிடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றான் ஷுக்ரி. ஒரு நாளைக்கு இருநூறு பந்துகள். இருநூறு தடவையும் எதிரே சுபாஸ் மிலாறை இழுக்கக் குனிந்தான். இருநூறு தடவையும் கஜேந்திரன் கையை நிறுத்தாமல் விட்டான். அப்படி விட்டால்தான் பந்து போனது. நடுவில் ஒரு தடவை மனம் தாங்காமல் கையைப் பிடித்தால் பந்து எண்பதில் விழுந்து, ஷுக்ரி “சே” என்பான். இதைவிட ஒரு தண்டனையைப் பொலிஸ்காரன் கொடுத்திருக்க முடியாது என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது. அதை ஏற்றுக்கொண்டு அடித்தான். சில நாட்களில் கண்ணில் நீர் வடிய வடிய அடித்தான். பனி என்று துடைத்துக்கொண்டான்.

ஆனால் எதுவும் பழகிப் போகிறதே, அதுதான் கொடுமை. ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் காலை ஒரு கூடைப் பந்தை அடித்து முடித்துவிட்டு அவன் கீழே இறங்கினான். பந்துகளெல்லாம் நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவே ஒரே இடத்தில் கிடந்தன. குனிந்து முதல் பந்தை எடுத்தபோதுதான் அந்த ஒரு கூடை முழுக்கத் தான் சுபாஸை நினைக்கவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. கையின் கோணத்தை நினைத்திருந்தான், இடுப்பு திரும்புவதை நினைத்திருந்தான், மெனேஜரை நினைத்திருந்தான். சுபாஸ் குனியவே இல்லை. இரண்டாம் தடவையும் அவனைக் கொன்றுவிட்டதுபோல இருந்தது. பலகைக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதான். மேலே கொட்டிலில் ஷுக்ரி அடுத்த கூடையை நிரப்பிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. மெனேஜர் மாத்தயா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட இரண்டு வெளிநாட்டு விருந்தாளிகளும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். முதல் பந்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. இரண்டாவது நேராகப் போனது. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. ஏழாவது பந்து இருநூறு என்று எழுதிய பலகையின் காலில் பட்டு ‘டொக்’ என்று சத்தம் வர, விருந்தாளிகளில் ஒருத்தி விசில் அடித்தாள். மெனேஜர் எழுந்து வந்து “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லித் தோளில் தட்டினார். விடுதியின் பெயர் போட்ட வெள்ளைச் சேர்ட் ஒன்றும் தொப்பியும் கொடுத்தார். ஷுக்ரி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நாளைக்கு எட்டு மணிக்கு ஒங்க மொத ஆளு, ஜேர்மன்காரர், நீங்கதான் காட்டிக் குடுக்கிறீங்க,” என்றான். கணக்கப்பிள்ளை அன்றைக்கே அவன் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினார். இனிக் கத்தி இல்லை.

பின்னேரம் அவன் லயத்துக்கு வரும்போது செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. தனுஜா கேசரி கிண்டி வைத்திருந்தாள். முப்பத்திரண்டு வயதுக்கு அவள் முகத்தில் கூடுதலாகவே வயசு தெரியும். அன்றைக்கு அந்த முகத்தில் வெளிச்சம் இருந்தது. லதுஷா மாமாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் ஓடினாள். அண்ணனும் தங்கையும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“நாளைக்குக் காலையில பங்களாவுல இருந்து பாணும் பட்டரும் கொண்டாறேன் தனு,” என்றான். “மூணு பேரும் ஒக்காந்து சாப்பிடுவோம்.”

“பிள்ளைக்குக் கொண்டா. நாந்தான் காலையில சாப்பிடுறதில்லயேண்ணே.”

“இன்னுமா அந்த வெரதம்? முருகனுக்கு ஆறு வருசம் போதாதா?”

தனுஜா கேசரிச் சட்டியை வழித்துக்கொண்டே இருந்தாள். கை நின்றது.

“முருகனுக்கும் அதுக்கும் ஒன்னும் இல்லண்ணே. கேட்டவங்ககிட்ட அப்பிடிச் சொல்லி வச்சேன்.” குரலைத் தாழ்த்தினாள், பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று. “அன்னைக்குக் காலையில அவருகூடச் சண்ட. மொத நாளு பிள்ளைக்குக் காச்சலுக்கு மருந்து வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தேன், மறந்துட்டு வந்துட்டாரு. ஆத்தரத்துல, சுட்டு வச்ச ரொட்டிய அவரு கண்ணு முன்னாலயே எடுத்து நாய்க்குப் போட்டேன். ஒரு வார்த்த பேசாம கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. வெறும் வயித்தோட, அந்த வெயில்ல. கை நடுங்காம என்ன செய்யும்? அதான் கத்தி வழுக்கிருச்சு. நாந்தாண்ணே அவரக் கொன்னுட்டேன்.”

கஜேந்திரன் கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

“ஒனக்கு நல்லது நடந்த நாளு, இதப் பேசக் கூடாதுதான். ஆனா ஒங்கிட்டயாவது சொல்லணும்ல. அவரு சாப்பிடாமப் போன வேளைக்கு எனக்கும் சோறு எறங்காது. அவ்வளவுதான்.”

“அவன் சாப்பிட்டான் தனு,” என்றான் கஜேந்திரன். “பத்து மணித் தேத்தண்ணிக்கு என் ரொட்டியில ரெண்டு சாப்பிட்டான். கட்டச் சம்பலோட. ஒந் தங்கச்சி நாய்க்குப் போட்டா, அண்ணன் எனக்குப் போடுறான்னு சொல்லிச் சிரிச்சான். கோவமே இல்ல அவனுக்கு. பின்னேரம் பசறைக்குப் போய் மருந்து வாங்கணும்னுகூடச் சொன்னான்.”

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்தது. “மெய்யாவா? சாமி சத்தியமா?”

“சத்தியமா.”

அதோடு விட்டிருக்கலாம். சொன்னது அத்தனையும் உண்மை. அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்ல சேதி கேட்ட பிள்ளையைப்போலச் சிரிக்கக்கூடப் பார்த்தாள். பிறகு அவளுக்கே ஒன்று இடித்தது.

“அப்ப, வயித்துல சோறு இருந்திருக்கு. மனசுல கோவமும் இல்ல. பெறகு எப்பிடிண்ணே கை வழுக்கும்?”

கஜேந்திரன் சொல்லிவிட்டான். அடுத்தடுத்த நிரையில் நின்றதை, சுபாஸ் சீண்டியதை, தான் சிரித்துக்கொண்டே வீசியதை, கொப்பு உளுத்திருந்ததை, லொறியில் சுபாஸ் சட்டைக் கையைப் பிடித்துச் சொன்னதை, எதையும் விடாமல் கடைசி வரைக்கும் சொன்னான். அவன் கத்தி வழுக்கவில்லை, என் கத்திதான், நான்தான் என்று முடித்தான். சொல்லும்போது அழவில்லை.

தனுஜா கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவள் அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுப்பில் எரிகிற மிலாறை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

“பொலிஸுக்குச் சொன்னது சரி. ஊருக்குச் சொன்னது சரி. அவரே சொல்லச் சொன்னாருன்னா அவரு எனக்காகத்தான் சொல்லியிருப்பாரு, அதுவும் சரி. கை தவறிப் போறது யாருக்கும் நடக்கும். அதுக்கு ஒன்னிய நான் ஒன்னும் சொல்லமாட்டேன்.” அவன் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட ஏண்ணே சொல்லல? நடுவுல ஒரு செவுருதானே இருந்துச்சு. நான் ஆறு வருசமா அவரக் கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு செத்துக்கிட்டு இருந்தேனே.”

“எனக்குத் தெரியாது தனு. வெரதம்னுதான் நெனச்சேன்.”

“நீ கேக்கலயே.”

அவள் எழுந்தாள். லதுஷாவைக் கூப்பிட்டு, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டி போடுகிற சத்தம் கேட்டது. பகலில் அந்தக் கதவுக்குக் கொண்டி போட்டு அவன் பார்த்ததில்லை.

விடிந்தது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அடுப்பு ஊதுகிற சத்தம், தேங்காய் திருவுகிற சத்தம், கல்லில் ரொட்டி விழுகிற சத்தம் எல்லாம் வழக்கம்போலக் கேட்டன. இந்த நேரத்துக்குத் தனுஜா ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து “அண்ணே” என்று கதவைத் தட்டுவாள். ஆறு வருஷத்தில் காய்ச்சல் கிடந்த நாளில்கூட அது தவறியதில்லை. கஜேந்திரன் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

“அம்மா,” என்றது லதுஷாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கம், நம்பமுடியாமல். “நீயும் சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“வெரதம் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. நீ சாப்பிடு.”

ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு, கதவு தட்டப்படும் என்று, வேலைக்குப் போகிற நேரம் தாண்டியும் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான்.